குண்டனின் சுரப்பி

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும் மாமா. ஆபரேஷன், இல்லன்னா நாய்க் காப்பகம். வழியை விடுங்க!"

மருமகளின் ஒரு கையில் குண்டனின் சங்கிலி. இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் சோபா மெத்தையின் உறை, அதன் நடுவில் மஞ்சளாக ஒரு கறை. கையோடு சாட்சியும் கொண்டுபோகிறாளாம்!

மாமனார் வாசற்கதவை விட்டு நகரவில்லை.

"அவன் வந்துடட்டுமேம்மா. எப்பவும் அவன்தானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான்?"

"உங்க பிள்ளை வெளியூர்லேர்ந்து வர இன்னும் நாலு நாள் ஆகும். அவர் போய்த்தான் என்னத்தைக் கிழிச்சார்? மாசம் ரெண்டு தடவை உங்களையும் துணைக்குக் கூட்டிட்டுப் போறார். வந்து, 'சுரப்பி அடைச்சுக்கிச்சு, சரியாயிடும்'னு ஒரே பாட்டு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சோறு திங்க வேண்டியிருக்கு இந்த வீட்டுல!"

"வாயில்லா ஜீவன்மா..."

"வாய்தான் இல்ல. பின்னாடி இருக்கே!"

பெரியவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முழுங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். குண்டன் ஊர்வலம் போகிற சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினான்.

கால்நடை டாக்டர் அவள் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டார். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டு குண்டனின் வாலைத் தூக்கினார். அவன் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றான்.

"ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும், கடிகாரத்துல நாலும் எட்டும் இருக்கற இடத்துல, ரெண்டு சின்னப் பை இருக்கும்மா. அது அடைச்சுக்கிட்டா பின்பக்கத்தைத் தரையில தேய்ச்சு இழுத்துக்கிட்டே போவான். இப்ப அப்படிப் போறானா?"

யோசித்தாள். பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. "அது இல்ல. ஆனா நாத்தம் இருக்கே!"

"ரெண்டு பையும் காலி. போன வருஷம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை நான்தான் பிதுக்கி விட்டேன். எடையைக் குறைச்சு, சாப்பாட்டுல வேகவெச்ச பூசணியைச் சேர்க்கச் சொன்னேன். நல்லாக் கேட்டுச்சு. எட்டு மாசமா இவனுக்கு ஒரு வைத்தியமும் கிடையாது. பேருதான் இன்னும் குண்டன்."

"எதுக்கு வம்பு டாக்டர், அதை எடுத்தே விட்டுடுங்களேன்."

"நல்லா இருக்கற சுரப்பியை எடுக்கறதா? நரம்புல பட்டுடுச்சுன்னா ஆயுசுக்கும் மலத்தை அடக்க முடியாமப் போயிடும்."

"அப்ப இப்படியே காப்பகத்துல விட்டுட்டுப் போறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?" பையைக் கவிழ்த்து உறையை மேசைமேல் கொட்டினாள்.

டாக்டர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"சுரப்பி வாடை அழுகின மீன் மாதிரி தூக்கியடிக்கும். இது அது இல்லம்மா. மூத்திரம்."

"பாத்தீங்களா! சோபாவுலயே போயிருக்கு, கழுதை!"

"ஆம்பளை நாய்மா இது. காலைத் தூக்கி ஓரத்துலதான் அடிக்கும். மெத்தைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டுப் போகாது."

அவள் உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எட்டு மாசமா வைத்தியம் இல்லன்னா... எங்க வீட்டுக்காரர் மாசம் ரெண்டு தடவை இவனை எங்கதான் கூட்டிட்டுப் போறார்?"

டாக்டர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். சங்கிலியை எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர்தான் பதில் சொன்னார்.

"இங்கதாம்மா வருவாரு. இவனை எங்கிட்ட விட்டுட்டு, அப்பாவைக் கைத்தாங்கலா மாடிக்குக் கூட்டிட்டுப் போவாரு. அரை மணி நேரத்துல இறங்கிடுவாங்க."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். 'முதல் மாடி: சிறுநீரக, சிறுநீர்ப்பை நோய் மருத்துவர்' என்று பலகை தொங்கியது.

சோபாவில் நடு மெத்தை யாருடைய இடம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் புருஷன்மேல்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவளிடம் மறைக்கிற விஷயமா இது? அப்புறம், இந்த எட்டு மாசமும் தான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'சனியன்.' 'அடங்காத ஜென்மம்.' 'இதெல்லாம் இருந்து யாருக்கு என்ன லாபம்?' அத்தனையும் குண்டனைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் மாமனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் அவள் வாய்தான், வேறென்ன?

வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தார். அவள் தனியாக இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"விட்டுட்டியாம்மா அவனை? எந்தக் காப்பகம்னு சொல்லு, நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். வேணும்னா நான் எங்கயாவது போயிடறேன். தப்பு அவனோடது இல்லம்மா. அந்த மெத்தையில... அது வந்து... நான்தான்..."

அவள் எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள். குண்டன் ஒரே பாய்ச்சலில் அவர்மேல் ஏறி முகத்தை நக்கினான்.

"சுரப்பிதான் மாமா!" என்றாள், அவர் மேலே பேச முடியாதபடி உரக்க. "டாக்டரே சொல்லிட்டார். வயசாயிட்டா அப்பப்ப அப்படித்தான் ஆகுமாம். உறையை மிஷின்ல போட்டா ஆச்சு. பாவம், அவன் என்ன வேணும்னேவா பண்றான்?"