வெயில் தந்த நிறம்

பழைய வடிவில் செய்த புதிய ஸ்கூட்டர் ஒன்று, இன்னும் நிறம் பூசாமல் பட்டறையில் நின்றது. மாதிரிக்காக அதன் தாத்தா ஸ்கூட்டரையும் அருகில் நிறுத்தியிருந்தார்கள்.

"தாத்தாவின் வெளிர் ரோஜா நிறத்தை அச்சு அசலாகக் கலந்துவிட்டேன். ஆடாமல் நில்," என்றது பெயின்ட் துப்பாக்கி.

"எனக்கு அது வேண்டாம்."

"பரம்பரை நிறத்தையே வேண்டாம் என்கிறாயே, அவ்வளவு திமிரா?"

"அவருடைய சீட்டைத் தூக்கிப் பார்."

துப்பாக்கி தன் மூக்கால் சீட்டைத் தூக்கியது. வெயில் படாத அந்த இடம் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது.

"வாங்கிய நாளில் உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தேன்," என்று தாத்தா சிரித்தார்.

"எனக்கும் அந்தச் சிவப்பையே பூசு," என்றது புதிய ஸ்கூட்டர். "தெருத்தெருவாக அலைந்து நானே வெளுத்துக்கொள்கிறேன்."