நூற்று அறுபத்தொன்பது

“ஆளுயரத்துக்குப் போடணும் தம்பி. நூத்தி அறுபத்தொம்பது சென்டிமீட்டர்.”

பொட்டிப்புரத்து தங்கபாண்டி அண்ணன் கடைக்குள் நுழைந்ததும் செல்போனை நீட்டிக்கொண்டு சொன்னார்.

தேவாரத்தில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் போட்டோவைச் சென்டிமீட்டரில் கேட்டதில்லை. நாலுக்கு ஆறு என்பார்கள், எட்டுக்குப் பன்னிரண்டு என்பார்கள். அதற்கு மேல் போனால் கையை விரித்து, “பெருசா” என்பார்கள்.

போனில் அவருடைய ஒரே மகன் விஷால். கப்பல் தளத்தில், ஆரஞ்சு நிற உடுப்பில், சிரித்துக்கொண்டு நின்றான். தெரிந்த பையன்தான். இரண்டு வருடத்துக்கு முன் போலீஸ் வேலைக்கு எழுதிப்போட, இங்கேதான் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தான்.

“என்னண்ணே, தம்பிக்குக் கட்-அவுட் வைக்கப் போறீகளா? கல்யாணமா?”

அவர் சிரிக்கவில்லை. என் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினேன். வாட்ஸ்அப்பில் வந்த படம். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஏ4 அளவுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டு, அவர் போனில் வேறு படம் தேடினேன். அருமையான செல்ஃபிகள் நாலைந்து இருந்தன. மீசையை மயிர் மயிராக எண்ணலாம்.

“அதுல எல்லாம் மாருக்கு மேலதான் இருக்கான். கால் தெரியிறது இது ஒண்ணுதான். முழுசா வேணும்.”

அகலம் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கைகளையும் எதிரே நீட்டிக் காட்டினார். எதிரில் நிற்பவனைத் தோளில் பிடிப்பது போல இருந்தது.

வழக்கம்போல நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கேட்காமலே செய்துவிடுவேன், யாரும் வேண்டாம் என்றதில்லை. அவர் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவன் நிறத்திலேயே இருக்கட்டும் என்றார்.

சரி, பேப்பரிலாவது நல்லதாகக் கொடுப்போம் என்று தேனி லேபிலிருந்து வந்த சாம்பிள் துண்டுகளை மேஜையில் பரப்பினேன். ஃப்ளெக்ஸ், மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. கிழியாத பேப்பர், இரண்டு பக்கமும் இழுத்தே காட்டினேன். மேலே லேமினேஷன் போட்டால் பேரன் காலம் வரைக்கும் அப்படியே இருக்கும் என்று அடித்துவிட்டேன். அடியில் கிடந்தது, இன்ஜினியர்கள் வீட்டு பிளான் எடுக்கிற சாதாரணப் பேப்பர். கலர் மங்கும், தண்ணீர் பட்டால் போச்சு. அதைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் ஒவ்வொரு துண்டையும் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே போனார்.

வெயிலில் வைத்துக் கலர் பார்க்கப் போகிறார், விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது. ஒயர் ஏதும் கருகுகிறதோ என்று பிரிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அவர் ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் தீப்பெட்டி. ஃப்ளெக்ஸ் துண்டு கருகிச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கிழியாத பேப்பர் சுருண்டு கட்டியாகிக் கிடந்தது. பிளான் பேப்பர் இருந்த இடத்தில் சாம்பல் மட்டும் இருந்தது.

“இதுலயே போடுங்க தம்பி. மத்ததெல்லாம் உருகுது. அவன் ஆத்தா பக்கத்துல நிப்பா. புள்ள ஒழுகுறத அவ பாக்கக் கூடாது.”

பிறகுதான் சொன்னார். விஷால் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இருபத்து மூன்று நாளாகிவிட்டது. உயிரோடு கிடைத்துவிடுவான் என்று வெளியில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. இனித் தேட முடியாது என்று நேற்று கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் கட்டித்தான் எரிப்பார்கள். முகமில்லாத வைக்கோலுக்கு என் பிள்ளை பேரைச் சொல்லித் தீ வைக்க விடமாட்டேன் என்று அவன் அம்மா சோணையம்மாள் வாசலில் குறுக்கே படுத்துவிட்டாராம். அதனால் வைக்கோலுக்கு மேலே போர்த்த இந்தப் படம்.

கட்-அவுட், கல்யாணம், பேரன் என்று நான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவர் அழவில்லை. நான்தான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அளவை அடிக்கப் போகும்போது அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அந்த நூத்தி அறுபத்தொம்பது, போலீஸ் செலக்‌ஷன்ல அளந்தது தம்பி. நூத்தி எழுபது வேணுமாம். ஒரு சென்டிமீட்டர்ல வெளிய அனுப்பிட்டாக. வீட்டுக்கு வந்தவன, ஏலே, ஒரு சென்டிமீட்டர் வளர வக்கில்லையா ஒனக்குன்னு நாலு பேரு முன்னாடி ஏசிப்புட்டேன். அந்த ரோசத்துலதான் கப்பலுக்குப் போனான்.”

திரையில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூத்தி எழுபதாப் போட்டுருங்க.”

லேபில் ஓரம் வெட்டும்போது மேலே அரை, கீழே அரை என்று ஒரு சென்டிமீட்டர் போய்விடும். வெட்டி முடித்தால் படம் மறுபடியும் நூற்று அறுபத்தொன்பதில்தான் வந்து நிற்கும்.

நான் நூற்று எழுபத்தொன்று என்று அடித்தேன்.