ரெண்டு பெருசா, பதினொண்ணு பெருசா?

நாரணாபுரம் மைதானத்தில் பொழுது சாய்கிறது. கால்பந்துப் போட்டியின் காலிறுதியில் தட்டுத்தடுமாறி ஜெயித்த அணி மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. செயலாளர் சங்கையா சுவரில் கரித்துண்டால் இரண்டு பெயர்களையும் அவற்றுக்கு நேரே இரண்டு எண்களையும் எழுதிவிட்டுத் திரும்புகிறார். "இந்த சீசன்ல நம்ம கீப்பர் ஊர்க்காவலன் விட்ட கோல் பதினொண்ணு. அச்சங்குளத்து டீம் கீப்பர் முனியராஜ் விட்டது ரெண்டு. அரையிறுதிக்கு அவன்தான் நிக்கணும். வரச் சொல்லிட்டேன்." கேப்டன் பாலகுரு தலையில் அடித்துக்கொள்கிறான். "அண்ணாச்சி, எம்புட்டுப் பந்து வந்துச்சுன்னு எண்ண வேண்டாமா? ஊர்க்காவலனுக்கு அறுபது வந்துச்சு, நாப்பத்தொம்பதைப் பிடிச்சிருக்கான். முனியராஜுக்கு வந்ததே நாலுதான். அதுல ரெண்டை விட்டிருக்கான்!" "ரெண்டு பெருசா, பதினொண்ணு பெருசாலே?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார் சங்கையா. ஊர்க்காவலன் பட்டாசு ஆலையின் அலுமினியப் பொடி இன்னும் போகாத விரல்களால் கையுறையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுகிறான். அந்த சர்ரென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி வரும் முனியராஜ் சுவரைப் பார்த்துக் கூசிப்போகிறான். "அண்ணாச்சி, எங்க ஆளுக பந்தை எங்கிட்ட வர விடவே மாட்டாக. நான் பாதி நேரம் சும்மாதான் நிப்பேன்." பாலகுருவின் முகம் மலர்கிறது. சங்கையாவின் முகம் அதைவிட மலர்கிறது. "பாத்தியாலே, ஒளிக்காமச் சொல்லுதான். இந்தக் குணம் ஒண்ணு போதும்." ஊர்க்காவலன் கையுறைகளை முனியராஜின் கையில் வைத்துவிட்டு நடக்கிறான். பாலகுரு பந்தை ஓங்கி உதைக்கிறான். அது ஆளில்லாத கோலுக்குள் போய் விழுகிறது. எடுத்துவர யாரும் எழவில்லை.