சிக்னல் கிடைக்கும் தூரம்

“அப்பா, சிரிக்கிறார்ப்பா! நம்ம குட்டியப் பார்த்துட்டார்!”

கலங்கரை விளக்கத்தின் உச்சி மாடத்தில் நின்று மகள் கத்தினாள். ஒரு கையில் ஃபோன். இன்னொரு கையில், அப்பன் முகத்தை இதுவரை பார்த்திராத கைக்குழந்தை.

மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் அதிகாரி. இவள் வயிறு தெரியாத நாளில் ஏறிப் போனவன். இன்று சாயங்காலம் கப்பல் இந்தக் கரையைத் தாண்டும். தாண்டினால் மறுபடியும் நடுக்கடல், ஃபோன் ஊமை.

நல்லவேளையாக, ஃபோன் கம்பெனியின் டவர் கலங்கரை விளக்கத்தின் மேலேயே இருந்தது. அதற்குக் காவல் அவளுடைய அப்பா. ஊர் இன்னும் அவரை விளக்குக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது.

முதலில் படம் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. மூக்கு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம்.

பிறகு தெளிந்தது. இன்னும் தெளிந்தது. மாப்பிள்ளை முன்பல்லில் விழுந்திருந்த விரிசல்கூடத் தெரிந்தது.

விளக்குக்காரருக்கு அந்தத் தெளிவு பிடிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

அடிவானத்தில் குறுக்காகப் போயிருக்க வேண்டிய கப்பல், மூக்கை நேராக இவர்கள் பக்கம் திருப்பியிருந்தது.

இடையில் தண்ணீருக்கடியில் பாறை வரிசை. அந்தப் பாறைக்காகத்தான் இந்தக் கோபுரத்தையே கட்டினார்கள்.

“ஏம்மா, கப்பலை இப்ப யார் ஓட்டறது?”

“அவர்தாம்ப்பா. கேப்டன் குளிக்கப் போயிருக்காராம்.”

“அடப்பாவி! பாறைக்கு வர்றான்டி! திருப்பச் சொல்லு!”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு செத்தது.

“ஏங்க! திருப்புங்க! பாறைங்க!”

காற்று அவள் சொல்லை வாயிலேயே பிடுங்கிக்கொண்டு போனது. திரையில் மாப்பிள்ளை காதில் கை வைத்துக் காட்டினான். கேட்கவில்லையாம். பிறகு கட்டை விரலை உயர்த்தினான். கவலைப்படாதே, இன்னும் கிட்டே வருகிறேன் என்று அர்த்தம்.

வந்தான்.

விளக்குக்காரர் இரண்டு கையையும் வீசி, போ போ என்று விரட்டினார். மாமனார் இவ்வளவு பாசமாகக் கையாட்டி மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. அவனும் ஆட்டினான். வீச்சில் குழந்தை அழுதது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த, கப்பல் இன்னும் வேகமாக வந்தது.

விளக்குக்காரர் ஒரு நொடி தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். பிறகு, முழங்கால் வலியை மறந்து, சுழல் படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கினார்.

கீழே இயந்திர அறை. மெயின் சுவிட்ச். இழுத்து இறக்கினார்.

டவர் செத்தது. மேலே மகளின் திரை இருண்டது. கூடவே கரையோரத் தெரு முழுக்க ஃபோன்கள் அறுந்து, ஊரே அவரைத் திட்ட ஆரம்பித்தது.

கப்பலில் ஒருவன், பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல், தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும்.

அந்தப் பெரிய இரும்பு உடம்பு நடுங்கியது. ஒருக்களித்தது. பாறை மேல் உடைந்த நுரைக்கு மிக அருகில், ஒடிந்துவிடுவதுபோல் வளைந்து திரும்பியது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

விளக்குக்காரர் படியிலேயே உட்கார்ந்தார். மூச்சு திரும்பிய பிறகுதான் சுவிட்சைத் தூக்கினார்.

உடனே மகளின் ஃபோன் மணியடித்தது. செய்தி. கீழே இறங்கி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்தாள்.

“பிழைச்சோம்! மாமாவுக்குக் கோடி கும்பிடு. குட்டிக்கு ஒரு முத்தம். கேப்டன் துண்டோட ஓடி வந்து கேட்டார். கலங்கரை விளக்கத்து வெளிச்சம் கண்ணுல பட்டுச்சு, சட்டுனு திருப்பிட்டேன்னு சொல்லிட்டேன். தோளைத் தட்டிட்டுப் போனார்.”

“என்னமா சமாளிச்சிருக்கார் பாருங்கப்பா!” மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

விளக்குக்காரர் சுழல் படிகளின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

கண்ணாடிக் கூண்டில் இப்போது இருப்பதெல்லாம் ஃபோன் கம்பெனியின் பெட்டிகள்தான். விளக்கைக் கழற்றிக் கொண்டுபோய், கடற்கரை ஹோட்டலின் வரவேற்பறையில் அழகுக்கு வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கடல் வரைபடத்தில்கூட இந்த இடத்தில் வெளிச்சம் கிடையாது என்று போட்டிருக்கிறார்கள்.

கேப்டன் இந்நேரம் தலை துவட்டி முடித்திருப்பார். அடுத்து வரைபடத்தைத்தான் பிரிப்பார்.