பவுடர் படிந்த வில்லை

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவள் அதை மேசைமேல் வைத்தாள்.

பித்தளை வில்லை. கறுப்புக் கயிறு கோத்திருந்தது.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவள் கையை எடுக்குமுன்பே வில்லைமேல் குனிந்துவிட்டார். ஆவலை மறைக்கவும் தோன்றவில்லை. பழங்காசு சேகரிப்பவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

கொழும்பில் ஒரு காப்பி ஆலை தானே அடித்துக் கொடுத்த வில்லை அது. நாள் முழுக்கக் கொட்டை பொறுக்கிய பெண்ணுக்குக் கூலியாக ஒன்று. ஆலை மூடியபின் ஒரு வெற்றிலைகூட அதற்குக் கிடைக்கவில்லை. இவளுடைய முன்னோர் துளை போட்டுத் தலைப்பிள்ளையின் அரைஞாணில் கட்டினார்கள். அன்று முதல் வீட்டின் ஒவ்வொரு தலைப்பிள்ளைக்கும் அதுதான்.

வில்லையில் பொறித்த ஆண்டின் கடைசி எண் ஏழானால், அவரிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன.

எட்டானால், இருபத்திரண்டு வருடத் தேடல் இன்றோடு முடிந்தது.

அந்த எண்ணின்மேல்தான் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். ஒரு தடவல் போதும்.

“பவுடருங்க ஐயா,” என்றாள். “பிள்ளைக்குப் போட்டது.”

பத்து மாதப் பிள்ளை. மாசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை.

“வீட்டுல வச்சிக்க முடியல. ஆத்துல போடவும் கை வரல. மாமியா புளி போட்டு வெளக்கி வைங்கிறாங்க. நீங்க மட்டுந்தான் இதெல்லாம் கழுவ மாட்டீங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க.”

உண்மைதான். அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தபோது அவர் சொன்னதுதான். பழங்காசைக் கழுவவே கூடாது.

தூசு தட்டலாம் என்றும் சொல்லியிருந்தார்.

விலை சொன்னார். அவள் பணம் வேண்டாமென்று தலையசைத்து, வில்லையை அவரிடமே விட்டுவிட்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

மேசையில் வில்லையும் தூரிகையும் மட்டும் இருந்தன. பார்க்க யாருமில்லை. விரல் தூரிகையின் காம்பைத் தொட்டுவிட்டு விலகியது.

சேகரிப்பின் விவர அட்டை ஒன்றை எடுத்து எழுதினார். ஆலையின் பெயர். பித்தளை. துளை உண்டு.

ஆண்டு என்ற இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது.

அந்த இடத்தை அப்படியே விட்டார்.

தூரிகையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, வில்லையைக் கயிற்றோடு உறைக்குள் இறக்கினார்.

பவுடர் உதிரவில்லை.