மரண ரயில் பார்க்கப் போகும் வேன்

தாய்லாந்து எல்லையருகே ஜப்பான்காரன் போட்ட மரண ரயில் பாதையைப் பார்க்கக் கிளம்பிய எங்கள் வேன், யாங்கூனைத் தாண்டும் முன்பே சோதனைச் சாவடியில் நிற்கிறது. கண்ணாடியில் வெயில் கொதிக்கிறது. சிப்பாய் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் சீட்டுக்கட்டுபோல் புரட்டுகிறான். முன் இருக்கையில் சத்யபாமா. அந்தப் பாதை போடப் போய்ச் செத்த தாத்தாவுக்குப் படையல் வைக்க மகனை அழைத்து வந்திருக்கிறாள். பிரேம்நாத்துக்கு இருபத்துமூன்று, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் வயது. “ஆம்பளக் கையாலதான் படைக்கணும்னு இழுத்துட்டு வந்தியேம்மா” என்கிறான். “கேட்டா பதினேழுன்னு சொல்லு.” “மீசையை என்ன செய்ய, முழுங்கவா?” அட்டைகள் திரும்பி வருகின்றன, அவனுடையது மட்டும் வரவில்லை. சிப்பாய் விரலை ஆட்டிக் கூப்பிட, அவன் இறங்குகிறான். “சாயா, ஒரே புள்ள சாயா” என்று பர்மிய மொழியில் ஐயா போட்டுக் கும்பிட்டபடி அவளும் இறங்குகிறாள். டிரைவர் வண்டியை எடுக்கிறார். முன் இருக்கை காலியாகிவிட்டது. நான் காலை நீட்டிக்கொள்கிறேன்.