இரண்டரை மில்லி

புள்ளியைக் காணோம்.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் அட்டைப்பெட்டி. '2.5 மில்லி' என்று இருக்க வேண்டிய இடத்தில் '25 மில்லி' என்று அச்சாகியிருந்தது. பெற்றவள் அதைப் படித்து அப்படியே ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை கதி என்ன?

மருந்துக் கம்பெனியிலிருந்து சரிபார்க்க வந்தவர் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அச்சக முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சும்மாவே அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். அச்சகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தூசி முதலாளி' என்று பெயர். "நான் ஒருத்தன் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுப் பாக்கலன்னா, இங்க தூசியத்தான் அச்சடிப்பீங்க" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

மூக்குக்கண்ணாடியை மட்டும் போடமாட்டார். போட்டால் வயசாகிவிட்டது என்று நாலு பேர் சொல்வார்களாம். அது பாட்டுக்குக் கழுத்துக் கயிற்றில் தொங்கும்.

நேராக, அச்சுத் தகடு தயாராகும் பிளேட் அறைக்குள் பாய்ந்தார். அந்த அறை மகளுடைய பொறுப்பு. ஃபிலிம் எடுத்துக் கழுவுகிற பழைய வேலையெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டரிலிருந்து நேராக அலுமினியத் தகட்டில் லேசரே எழுதிவிடும், அந்த மெஷினை வாங்குங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான்.

"லேசர் லேசர்னு தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினியே! ஒரு புள்ளி வைக்கத் துப்பில்ல உன் லேசருக்கு!"

மகள் போய் அச்சு மெஷினிலிருந்து கறுப்பு மையின் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியை அப்பா கையில் திணித்தாள்.

குனிந்து பார்த்தார்.

மற்ற புள்ளிகள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் மட்டும் கடுகளவு வெளுத்திருந்தது. லேசர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. யாரோ புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்திருக்கிறார்கள்.

பிளேட்டில் வேண்டாத பொட்டு ஏதாவது விழுந்தால் அழிப்பதற்கென்றே ஒரு கரெக்‌ஷன் பேனா உண்டு. தொட்டால் போதும், பூச்சு கரைந்துவிடும், அந்த இடத்தில் மை பிடிக்காது. லேசர் மெஷினுக்குப் பக்கத்துத் தட்டில்தான் அது எப்போதும் கிடக்கும்.

தட்டு காலியாக இருந்தது.

"பேனா எங்க? உன் ரூம், உன் பேனா, வேற எவன் வந்து தொடுவான்? இந்த மெஷின வித்துட்டுத்தான் எனக்கு மறுவேலை. நாளையிலிருந்து நீ வீட்டோட கெட!"

"அப்பா, காலையில..."

"வாய மூடு!"

மகளுக்குக் கண் கலங்கவில்லை. காது வரை சிவந்துவிட்டது.

கதவோரம் மைத்துனர் நின்றிருந்தார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அச்சு மெஷினை ஓட்டுகிறவர் அவர்தான். கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் தொடச்சேன், அத்தான்" என்றார். "தூசின்னு நெனச்சிட்டேன்."

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்த முதலாளிதான். அன்றைக்கு அந்த வாயிலிருந்து வராத வார்த்தை இல்லை. தண்டச்சோறு என்றார். அக்கா புருஷன் இருக்கிறான் என்கிற கொழுப்பு என்றார். மருந்துக் கம்பெனிக்காரரே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பச்சப்புள்ள உசுரோட வெளையாடற கை இந்த எடத்துல இருக்கக் கூடாது. போடா வெளிய! இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

மைத்துனர் கந்தலை மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது அட்டைகள். தப்பாக அச்சானது தெரியாத்தனமாக வண்டி ஏறிவிடக் கூடாது. அதற்காக அடுக்கின் மேல் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்துவிடுவது அச்சகத்து வழக்கம். முதலாளி சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். பல்லால் மூடியைக் கடித்து இழுத்து, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஒரு கோடு கிழித்தார்.

கோடு விழவில்லை.

இன்னும் அழுத்திக் கிழித்தார். தாள் ஈரமானதுதான் மிச்சம். கப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது.

பேனாவைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். கடைசியில் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத எவன் என் பையில வச்சது?"

குரல் பழைய குரல்தான். ஆனால் பாதியில் உடைந்துவிட்டது.

"நீங்கதான்" என்றாள் மகள். இப்போது அவள் கத்தினாள். "காலையில பிளேட்ட மாட்டினதும் வந்து தூசி தூசின்னு இந்தப் பேனாவாலதான் தொடச்சீங்க. எங்க தொடச்சீங்க, ஒரு தடவ பாத்துடறேன்னு சொன்னேன். வாய மூடுன்னீங்க. மூடிக்கிட்டோம், நானும் மாமாவும். உங்க கத்தலுக்குப் பயந்துக்கிட்டு மூடிக்கிட்டோம்!"

வாசலில் மைத்துனரின் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

பேனாவும் கையுமாக முதலாளி ஓடினார். ஸ்கூட்டர் தெருமுனையை நெருங்கியிருந்தது.

"டேய் மச்சான்! நில்லுடா! நில்லுடாங்கறேன்ல!"

கெஞ்சத்தான் நினைத்தார். கூப்பிட அவரிடம் இருந்தது அந்த ஒரே குரல்தான். அதைக் கேட்டதும் ஸ்கூட்டர் இன்னும் வேகமெடுத்தது.